ரம்பம் போட்ட மூன்று மாதம்

தலைப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள். மரம் அறுக்கிற சாதாரணக் கைரம்பத்தைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, அதன் முதுகில் வயலின் வில்லைத் தேய்த்து ஸ்வரம் வரவழைக்கும் வேலையைத்தான் மூன்று மாதமாகச் செய்கிறேன். அவ்வப்போது நோட்டில் கிறுக்கி வைத்ததை இங்கே கோத்துப் போடுகிறேன், வேறு யாராவது இந்த அவஸ்தையில் இறங்கினால் ஒரு வாரமாவது மிச்சமாகும்.

தொடக்கம் ஒரு பழைய புகைப்படம். நடிகை மார்லீன் டீட்ரிச் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கச் சிப்பாய்களுக்கு நிகழ்ச்சி நடத்தப் போனார் இல்லையா, அப்போது எடுத்தது. முழங்கால்களுக்கு நடுவே ரம்பம், கையில் வில். சும்மா போஸ் கொடுக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, 1920களின் கடைசியில் வியன்னாவில் நடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே கற்றுக்கொண்ட வித்தை அது. இதற்கென்றே பிரத்தியேகமாக ரம்பம் தயாரிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1921இல் தொடங்கிய முஸெல் அண்ட் வெஸ்ட்ஃபால் என்கிற நிறுவனம் அதில் பெயர் பெற்றது. நான் அதெல்லாம் தேடிப் போகவில்லை. வீட்டுப் பெட்டியில் கிடந்த 26 அங்குல ரம்பம், வயலின் படிப்பை நிறுத்திவிட்ட ஒருவருடைய பழைய வில், ஒரு கட்டி ரோசின் (வில்லின் முடியில் தேய்க்கும் பிசின்). அவ்வளவுதான் முதலீடு.

முதல் வாரம்: சத்தமே இல்லை. கொஞ்சம் கூட இல்லை. வில் வழுக்கிக்கொண்டு போகிறது, ரம்பம் சிவனே என்று இருக்கிறது. ரோசின் போதவில்லை போலிருக்கிறது என்று தேய்த்துத் தேய்த்துக் கட்டியில் பள்ளமே விழுந்துவிட்டது. நாலாவது நாள்தான் விரலை ரம்பத்தின் முதுகு விளிம்பில் ஓட்டிப் பார்த்தேன், பிசுபிசுப்பு. துருப் பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய்! வில்லின் முடி இரும்பைப் பிடித்து இழுத்து விட, பிடித்து இழுத்து விட, அந்தத் தொடர் இழுப்பில்தான் தகடு அதிர ஆரம்பிக்கும். நடுவில் எண்ணெய் இருந்தால் பிடிப்பே கிடையாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, விளிம்பில் இருந்த பிசிறையும் உப்புத்தாள் போட்டு எடுத்தேன் (பிசிறு இருந்தால் வில்லின் முடி ஒவ்வொன்றாக அறுந்து தொங்கும், எனக்கு ஏழெட்டு போயிற்று). எண்ணெய் பட்ட முடியை வேறு தனியாகச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

அப்புறம் சத்தம் வந்தது. ஆனால் அது இசை இல்லை, தகர டப்பாவைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு கரகர. காரணம் நான் வளைத்த விதம். ரம்பத்தை வெறும் வில்லாக வளைத்தால் பாடவே பாடாது. இரட்டை வளைவு வேண்டும். கைப்பிடியைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கி, பல் நம் பக்கம், முதுகு வெளிப்பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டு, இடது கையால் நுனியைப் பிடித்து முதலில் தகட்டை இடப்பக்கமாகக் கீழே வளைக்கிறோம். அதோடு நிறுத்தாமல், கட்டை விரலால் நுனியை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். இப்போது தகடு நீட்டிப் போட்ட எஸ் எழுத்து மாதிரி நிற்கும். ஒரு வளைவு முடிந்து எதிர் வளைவு தொடங்கும் இடத்தில், தகடு கொஞ்ச தூரம் வளையாமல் தட்டையாக இருக்கும். அங்கே வில்லை வைத்து இழுத்தால்தான் சங்கதி.

அந்த இடம் முதல்முறை சிக்கிய நாளைச் சொல்லியே ஆக வேண்டும். இரவு பத்து மணி இருக்கும். எதற்கோ நிமிர்ந்து உட்கார்ந்தேன், கட்டை விரல் தானாக ஒரு நூல் அதிகமாக அழுந்தியது, வில் போகிற போக்கில் பட்டது, அவ்வளவுதான், அறை முழுக்க ஒரு நீளமான ஊளை. வில்லை எடுத்துவிட்டேன், இரும்பு பாடிக்கொண்டே இருக்கிறது. நான்கைந்து விநாடிக்கு மேல் கார்வை நின்றது. உள் அறையிலிருந்து அக்கா, “டேய், பேய்ப் படத்தைச் சத்தமா வெச்சுப் பாக்காதடா” என்றாள். இதுவரை கிடைத்ததில் அதையே பெரிய பாராட்டாக வைத்திருக்கிறேன்.

இரண்டு முனையையும் இப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறோமே, அப்புறம் எப்படி இவ்வளவு நேரம் அதிர்கிறது என்று குடைந்தது. அதிர்வு கைக்கும் தொடைக்கும் கசிந்து செத்துப்போக வேண்டாமா? விஷயம் வளைவில் இருக்கிறது. வளைந்த பகுதி தட்டையான பகுதியைவிட விறைப்பு, அந்தச் சுருதியில் வருகிற அதிர்வை உள்ளே விடாது. இரண்டு பக்கமும் வளைவு சுவர் மாதிரி நிற்க, அதிர்வு நடுவில் இருக்கும் தட்டை இடத்துக்குள்ளேயே அடைபட்டு ஆடுகிறது. வெறும் வில்லாக வளைத்தால் இப்படி அடைபட இடமே இல்லை, உடனே கசிந்துவிடும். 2022இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் பாடும் ரம்பத்தை வைத்து இதையே ஒரு ஆய்வுக் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். என் தொடை இதை இரண்டாம் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டது: சரியான இடத்தில் இழுக்கும்போது கைப்பிடியில் அதிர்வே தெரியாது, கைப்பிடி குறுகுறுத்தால் இடம் தப்பு என்று அர்த்தம்.

நடுவில் ஒரு முட்டாள்தனம். நுனி ஒருமுறை விரலிலிருந்து நழுவி, தகடு துள்ளி முழங்காலில் கீறிவிட்டது. உடனே பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கிழித்துப் பல் வரிசை முழுக்க மாட்டினேன். பாதுகாப்பு பிரமாதம், சத்தம் அவுட். ரப்பர் அதிர்வை மொத்தமாகக் குடித்துவிடும் என்பது யோசித்தால் தெரியாதா? மூன்று நாள் வளைவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் ட்யூபைக் கழற்றினேன். கடைசியில் அரம் போட்டுப் பல்லையெல்லாம் மழுக்கிவிட்டு, மடியில் தடித்த துணி ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.

சரி, சத்தம் வந்தாயிற்று, இனி ஸ்வரம். இங்கேதான் உண்மையான கஷ்டம் ஆரம்பம். அதிகம் வளைத்தால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும், சொல்ல எளிது. ஆனால் சுருதி ஏறும்போது அந்தத் தட்டை இடமும் நுனிப்பக்கம் நகரும், இறங்கும்போது கைப்பிடிப் பக்கம் வரும். ஆக இடது கை ஸ்வரத்தைத் தேட, வலது கை அந்த ஸ்வரம் குடியிருக்கும் இடத்தைத் தேட வேண்டும். ஒன்று தப்பினாலும் கரகர. ஆர்மோனியத்தில் கட்டை இருக்கிறது, வீணையில் மெட்டு இருக்கிறது, இதில் ஒன்றும் இல்லை.

குறி வைத்தால் என்ன என்று தோன்றியது. ஒரு குச்சியைச் செங்குத்தாக நாற்காலியோடு கட்டி, ட்யூனர் செயலியைப் பார்த்துப் பார்த்து ஸ, ரி, க, ப, த என்று ஐந்து கோடு போட்டேன். நுனி எந்தக் கோட்டுக்கு வருகிறதோ அந்த ஸ்வரம் என்று கணக்கு. அன்று சரியாக வந்தது, மறுநாள் எல்லாம் அரை ஸ்வரம் தள்ளி நின்றது. நுனி அதே கோட்டில் இருந்தாலும் கட்டை விரல் திருப்பும் கோணம் சற்று மாறினால் போதும், வளைவே மாறிவிடுகிறது, சுருதியும் அதோடு போகிறது. குச்சியைப் பிடுங்கிப் போட்டேன்.

இதே பிரச்சினையை இன்னும் பெரிய அளவில் சந்தித்தவர்கள் தெரமின் வாசிப்பவர்கள். ரஷ்ய இயற்பியலாளர் லெவ் தெரமின் 1920 வாக்கில் உருவாக்கிய கருவி அது, தொடவே வேண்டாம். நிமிர்ந்த ஆண்டெனாவுக்கு ஒரு கை பக்கத்தில் போனால் சுருதி ஏறும், பக்கவாட்டு வளையத்துக்கு இன்னொரு கை நெருங்கினால் சத்தம் குறையும். காற்றில் ஸ்வரம் பிடிக்க வேண்டும், என் ரம்பமாவது கைக்கு ஒரு விறைப்பைத் திருப்பித் தருகிறது. அதில் பேர் போனவர் கிளாரா ராக்மோர். 1911இல் வில்னியஸில் பிறந்தவர், நான்கு வயதிலேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைப்பள்ளியில் வயலினுக்குச் சேர்ந்த குழந்தை. பின்னால் கையில் எலும்புக் கோளாறு வந்து வயலினை விட வேண்டியதாகிவிட்டது, தெரமினுக்கு வந்தார். கையை முன்னும் பின்னும் ஆட்டாமல், மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்து ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவும் முறையை அவரே வகுத்துக்கொண்டார். அவருடைய வீடியோக்களில் நான் வலது கையை விட்டுவிட்டு இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் கண நேரத்தில் அந்தக் கை சத்தத்தை நறுக்கென்று அடக்கி மறுபடி திறக்கிறது. வழியில் வரும் இழுவை நம் காதுக்கு எட்டுவதே இல்லை.

அதற்கு முன்பு வரை நான் செய்ததெல்லாம் ஒரே ஜாருதான். ரம்பம் கார்வையில் இருக்கும்போதே வளைவை மாற்றினால் சுருதி அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். ஒன்றிரண்டு இடத்தில் அழகு, எல்லா இடத்திலும் என்றால் சகிக்காது, சாவு வீட்டு அழுகை மாதிரி ஆகிவிடுகிறது. ஜாரு எங்கே வேண்டும் என்று நாம் தீர்மானிக்க வேண்டும், ரம்பம் தீர்மானிக்கக் கூடாது. எனக்குச் சத்தத்தை அடக்க மூன்றாவது கை இல்லை. அதனால் ஸ்வரம் தேயும் வரை காத்திருந்து, தேய்ந்த கடைசி நொடியில் வளைவை மாற்றி, மாற்றி முடித்த பிறகே வில்லை வைக்கிறேன். அவசரமான இடங்களில் வில் பிடித்த கையின் சுண்டு விரலால் தகட்டைத் தொட்டு நிறுத்திவிடுகிறேன். மெதுவான மெட்டுதான் இதற்குத் தோதுப்படும், துரித காலம் எல்லாம் இந்த ஜென்மத்தில் நடக்காது என்று நினைக்கிறேன்.

பிரான்சில் மோரிஸ் மார்ட்டெனோ என்கிற செல்லோக் கலைஞர் 1928இல் வெளியிட்ட ஓண்ட் மார்ட்டெனோ என்கிற மின்னிசைக் கருவியில் இதற்கு இன்னும் சாமர்த்தியமான வழி இருக்கிறது. கம்பியில் கோத்த மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டு இழுத்தால் சுருதி வழுக்கும், ஆனால் எதிரிலேயே கட்டை வரிசை இருப்பதால் எங்கே நிறுத்துவது என்று கண்ணுக்குத் தெரியும். சத்தத்துக்கு இடது கையில் தனியாக ஒரு பொத்தான், அழுத்துகிற அளவுக்குத்தான் ஒலி. வயலின் மாதிரியே மெட்டு இல்லாத செல்லோவை வாசித்த ஆளுக்குத்தான் இந்த வலி தெரிந்திருக்கிறது.

அசைவு கொடுப்பதைப் பற்றியும் ஒரு வரி. காலை லேசாக உதறினால் ஸ்வரம் துடிக்கும், மெஷின் தைக்கிற மாதிரி. முதலில் இதில் மயங்கி எல்லா ஸ்வரத்துக்கும் உதறித் தள்ளினேன், பதிவைக் கேட்டால் குளிரில் நடுங்கிக்கொண்டே பாடுகிற மாதிரி இருந்தது. இப்போது நீளமான ஸ்வரத்தின் பின்பாதியில் மட்டும், அதுவும் சுருதி சேர்ந்துவிட்டது என்று காதுக்கு உறுதியானால்தான். சேராத ஸ்வரத்தை ஆட்டி மறைக்கும் திருட்டுப் புத்தி இன்னும் முழுதாகப் போகவில்லை.

இன்றைய நிலவரம்: ஒன்றேகால் ஸ்தாயி வரை பிடி கிடைக்கிறது. ஸ ரி க ப த ஏறி இறங்கினால் பத்தில் ஆறு தடவை அபஸ்வரம் இல்லாமல் வருகிறது, க-விலிருந்து ப-வுக்குத் தாண்டும் இடத்தில் மட்டும் இன்னும் குறி தப்புகிறது, அது தூரம் கூடுதல் என்பதால். இருபது நிமிடத்துக்கு மேல் வாசித்தால் இடது கட்டை விரல் மரத்துப்போகிறது. அதற்கு ஒரு வழி உண்டு, நுனியில் ஒரு சின்ன மரக் கைப்பிடி மாட்டிக்கொண்டால் விரலுக்குப் பதில் உள்ளங்கையால் வளைக்கலாம். மரத்துண்டு இருக்கிறது, அளவு எடுத்துக் கோடும் போட்டாயிற்று. அறுக்கத்தான் ரம்பம் இல்லை. வீட்டில் இருந்த ஒன்றின் பல்லையும் நான்தான் மழுக்கி வைத்திருக்கிறேன்.