டூரிங் கார் பந்தய வார இறுதி: ஐந்து நிமிடத்தை எங்கே தொலைக்கிறோம்?

நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, ரிமோட்டில் ஓட்டும் மின்சார டூரிங் கார் பந்தயத்தில் ஓர் ஓட்டம் ஐந்தே நிமிடம். ஃபைனலில் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்பதை முடிவு செய்யும் குவாலிஃபையிங் நான்கு, ஃபைனல் மூன்று என்று கணக்குப் போட்டால் இரண்டு நாளில் கார் பந்தயமாக ஓடுவது 35 நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் காரைச் சரிசெய்யும் பிட் மேஜையில் போகிறது. அந்த மேஜையில் என்ன செய்ய வேண்டும், எதில் கை வைக்கக் கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஐரோப்பாவில் எஃப்ரா (ஐரோப்பிய ரேடியோ கார் கூட்டமைப்பு) விதிகளை ஒட்டி, தார்த் தளத்தில் நடக்கும் 17.5 டர்ன் ஸ்டாக் வகுப்பை (எல்லோருக்கும் 17.5 சுற்றுக் கம்பியுள்ள ஒரே வகை மோட்டார்) மனதில் வைத்து எழுதியது. வேகமான மோட்டாரை அனுமதிக்கும் மாடிஃபைடு வகுப்பில் ஓட்டுபவர்களுக்கு கியர் பகுதி மட்டும் மாறும்.

முதலில் லேப் கணக்கு. குவாலிஃபையிங்கில் கார்களை ஒவ்வொன்றாக விடுவார்கள். உங்கள் கார் கோட்டைத் தாண்டிய நொடியில் உங்கள் கடிகாரம் மட்டும் ஓட ஆரம்பிக்கும். ஐந்து நிமிடம் முடியும்போது எந்த லேப்பில் இருக்கிறீர்களோ, அதை முடித்தாக வேண்டும். சராசரி 15.80 நொடி ஓட்டினால் 19 லேப் 300.2 நொடியில் முடியும். அதோடு சரி, முடிவு 19 லேப். சராசரி 15.75 என்றால் 19 லேப் 299.25 நொடியில் முடிந்துவிடும், இருபதாவது லேப்பும் கிடைக்கும். லேப்புக்கு வெறும் 0.05 நொடி, ஆனால் முடிவுப் பட்டியலில் ஒரு முழு லேப் வித்தியாசம். பலகையில் மோதிக் கவிழ்ந்த காரை மார்ஷல் (தளத்தோரம் நிற்கும் உதவியாளர்) எடுத்து வைக்க ஐந்து நொடி ஆகும் என்று வையுங்கள். 19 லேப்புக்குப் பிரித்தால் லேப்புக்கு 0.26 நொடி. எந்த ஸ்பிரிங்கை மாற்றினாலும் அவ்வளவு வேகம் கிடைக்காது. அதனால் செட்டப்பில் முதல் கேள்வி ‘எவ்வளவு வேகம்?’ என்பதல்ல, ‘ஐந்து நிமிடமும் ஒரே மாதிரி போகிறதா?’ என்பதுதான்.

சனிக்கிழமை காலை பதிவு மேஜையில் டிரான்ஸ்பாண்டர் (லேப்பைப் பதிய காரில் பொருத்தும் சிறு கருவி) எண்ணைச் சரியாகக் கொடுத்திருக்கிறோமா என்று ஒருமுறை பாருங்கள். பயிற்சி ஓட்டத்தில் சில லேப் பதிவாகாமல் போனால் பெரும்பாலும் பொருத்தியிருக்கும் இடம்தான் காரணம். கார்பன் ஃபைபர் சிக்னலை மறைக்கும். அதில் செய்த சேஸி அடித்தட்டின் மேல் நேராக ஒட்டினால் தளத்துக்கு அடியிலுள்ள கம்பி வளையத்துக்குச் சிக்னல் போய்ச் சேராது. சேஸியில் அதற்கென்று இருக்கும் துளைக்கு மேலே வையுங்கள், அல்லது ஓரத்தில் தட்டுக்கு வெளியே தெரியும்படி பொருத்துங்கள்.

இனி டயர். வார இறுதியின் பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது. இத்தகைய போட்டிகளில் எல்லோருக்கும் ஒரே டயர், ரிம்மில் ஒட்டியே வரும். எத்தனை செட் என்பதற்கும் வரம்பு உண்டு. ரப்பரைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. உங்கள் கையில் இருப்பது டயரை மென்மையாக்கும் திரவமான அடிட்டிவ் எவ்வளவு நேரம் ஊற வேண்டும், டயரைச் சூடாக்கும் வார்மர் எத்தனை டிகிரி, எந்த செட்டை எந்த ஓட்டத்துக்கு வைத்துக்கொள்வது, இவ்வளவுதான். ஓட்டம் முடிந்து வந்ததும் கிளீனர் நனைத்த துணியால் டயரைத் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது குறையும்வரை விடாதீர்கள். அடுத்த ஓட்டத்துக்கு 25 நிமிடம் முன்னால் அடிட்டிவ். பின் டயரில் முழு அகலத்துக்கும், முன் டயரில் உள்பக்கப் பாதிக்கு மட்டும். பிறகு 60 டிகிரி செல்சியஸில் வார்மர், விதி அனுமதித்தால். காரைத் தளத்தில் வைக்குமுன் நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் முதல் இரண்டு லேப்பும் ஐஸ்மேல் ஓட்டுவதுபோல் இருக்கும்.

கார் என்ன சொல்கிறது என்பதை எப்போது சொல்கிறது என்பதோடு சேர்த்துக் கேட்க வேண்டும். முதல் நிமிடம் மட்டும் பின்பக்கம் துள்ளி, அப்புறம் அடங்கினால் சேஸியைத் தொடாதீர்கள். முன் டயர் சீக்கிரம் சூடேறுகிறது, பின் டயர் தாமதிக்கிறது, அவ்வளவுதான். முன்பக்க அடிட்டிவை மூன்றில் ஒரு பங்கு அகலமாகக் குறைத்தால் போதும். மூன்றாவது நிமிடத்துக்குப் பிறகு கார் வளைய மறுத்தால் முன் டயர் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. அதற்கு முதல் மருந்து கையில்தான்: ஸ்டியரிங்கை முழுக்கத் திருகி டயரைத் தேய்க்காதீர்கள், வளைவுக்குள் நுழையுமுன் சற்று முன்னதாகவே திராட்டிலை விடுங்கள்.

தளமும் மாறிக்கொண்டே இருக்கும். காலையில் 20 டிகிரியில் இருந்த தார் பிற்பகல் வெயிலில் 45ஐத் தொடும். ஓடஓட ரப்பரும் படிந்து கிரிப் ஏறும். சனி காலை அருமையாக ஓடிய அதே கார் ஞாயிறு மதியம் வளைவில் கவிழ்வது இதனால்தான். முன் டயரின் வெளிப்பக்கச் சுவரில் சயனோ பசையை (சூப்பர் குளூ) மெல்லிய கோடாக ஓட்டி உலரவிடுங்கள். ஓரம் தளத்தைக் கவ்வாமல் வழுக்கிவிடும், கார் கவிழாது. புதிய செட்டை முக்கியமான ஓட்டத்தில் முதல்முறையாகப் போடாதீர்கள். பயிற்சியில் ஓர் ஓட்டம் பழக்கி, துடைத்து, பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கியர். ஸ்டாக் வகுப்பில் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி பிளிங்கி முறையில், அதாவது மின்னணு முறையில் டைமிங் (சுருளுக்கு மின்சாரம் முன்கூட்டியே போகும் அளவு) ஏதும் கூட்டாமல் ஓட வேண்டும். அதனால் மோட்டார் அச்சிலுள்ள சிறு பற்சக்கரமான பினியனும், மோட்டாரின் பின்மூடியைத் திருப்பி வைக்கும் டைமிங்கும்தான் மிச்சம். ஸ்பர் (பினியன் சுழற்றும் பெரிய பற்சக்கரம்) 96 பல், பினியன் 51 பல், காரின் உள்விகிதம் 1.9 என்றால் மொத்த விகிதம் 3.58. பினியனை 50 ஆக்கினால் 3.65. ஓட்டம் முடிந்த உடனே மோட்டார் வெப்பத்தை அளந்து எழுதி வையுங்கள். 70 டிகிரி வரை நிம்மதியாக இருக்கலாம். 80ஐத் தாண்டினால் காந்தம் பலவீனமாகத் தொடங்கும், நான்காவது நிமிடத்தில் நேர்ப்பாதையில் கார் சோர்வது அங்கிருந்தே வரும். பினியனையும் டைமிங்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கிளம்பும்போது மோட்டார் திக்கினால் கியரை விட்டுவிட்டு, மோட்டாரையும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் இணைக்கும் சென்சார் கேபிளைப் பாருங்கள். புதுக் கேபிள் ஒன்று பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.

மோதிய பிறகு கார் ஒரு பக்கம் மட்டும் நன்றாகத் திரும்பினால், பலரும் கேம்பரை (சக்கரத்தின் சாய்வை) திருகத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் சேஸி முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சமதளப் பலகையில் காரை வைத்து, ஆன்டி ரோல் பார்களின் (இடவலச் சக்கரங்களை இணைக்கும் வளைகம்பிகள்) இணைப்பைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் சரியாக நடுவில் கத்தி முனையைக் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் பலகையை விட்டு எழ வேண்டும். ஒன்று முந்தினால் மேல்தட்டுத் திருகுகளைத் தளர்த்தி, சேஸியைப் பலகையோடு அழுத்திப் பிடித்து, குறுக்குக் குறுக்காக மறுபடி முறுக்குங்கள். பின்பக்கமும் இதே சோதனை. பிறகு பார்களை இணைத்து இன்னொரு முறை. இப்போது மட்டும் வித்தியாசம் தெரிந்தால் கோளாறு பாரில் அல்லது அதன் லிங்க் நீளத்தில். ஷாக் நீளம், டவுன்ஸ்டாப் (சக்கரம் கீழே தொங்கும் எல்லை) இரண்டும் இடமும் வலமும் சமமாக இருக்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடலாம். எல்லாம் சேர்த்து பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஸ்பிரிங் மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், அவ்வளவு நல்ல கார்கள் இப்படி வீணாகின்றன.

தொடக்க செட்டப் என்று கேட்டால்: முன்பக்கம் ஸ்பூல் (இரு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும் பூட்டிய அச்சு), பின் டிஃப்பில் (இரு சக்கரமும் வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் பெட்டி) 4000 முதல் 5000 சிஎஸ்டி (கெட்டித்தன்மை அளவு) எண்ணெய், கேம்பர் நான்கிலும் மைனஸ் 1.5 முதல் 2 டிகிரி, பின் டோ-இன் (சக்கரங்களின் முன்முனை உள்நோக்கித் திரும்பிய அளவு) 3 டிகிரி, தரை இடைவெளி முன்னால் 5.2, பின்னால் 5.4 மி.மீ. குறைந்தபட்சம் 5 மி.மீ. என்று விதி இருந்தால் ஓட்டம் முடிந்த பிறகும் அளப்பார்கள். டயர் தேய்ந்து இறங்கும், அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

பேட்டரி இரண்டு செல் லைபோ (லித்தியம் பாலிமர்), 8.40 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பரிசோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். சார்ஜரின் திரையை நம்பாமல் தனி மீட்டரில் பாருங்கள். 8.38இல் நிறுத்துவதால் நஷ்டம் ஒன்றுமில்லை. சார்ஜ் எப்போதும் தீப்பிடிக்காத பைக்குள்தான்.

உங்கள் ஹீட் (சேர்ந்து ஓடும் குழுவின் ஓட்டம்) முடிந்ததும் அடுத்த ஹீட்டுக்கு மார்ஷலாக நிற்க வேண்டும். போகாவிட்டால் சிறந்த குவாலிஃபையிங் நேரத்தையே வெட்டும் போட்டிகள் உண்டு. டயரை வார்மரில் போடுவது, சார்ஜ் வைப்பது எல்லாம் மார்ஷல் முடிந்து வந்த பிறகு என்று அட்டவணை போடுங்கள். மார்ஷல் நிற்கும்போது தூக்கிய காரைத் திரும்ப வைக்குமுன் பின்னால் வருபவர்களைப் பாருங்கள். வந்துகொண்டிருக்கும் காரின் முன்னால் வைத்தால் இரண்டு பேருடைய ஓட்டமும் போய்விடும்.

குவாலிஃபையிங்கில் பின்னால் வருபவர் வேகமானவர் என்றால் வழி விடுங்கள். அவரோடு உங்களுக்குப் போட்டியே இல்லை, அவரவர் கடிகாரம் தனி. அடுத்த வளைவில் சற்று அகலமாகப் போனால் அரை நொடிதான் செலவு. முட்டிக்கொண்டு நின்றால் ஐந்து நொடி.

ஃபைனல் வேறு கதை. பத்து கார் வரை கட்டத்தில் நின்று ஒரே ஒலியில் கிளம்பும். மூன்று ஓட்டத்தில் சிறந்த இரண்டுதான் கணக்கு. எட்டாவது இடத்திலிருந்து கிளம்புபவர் முதல் வளைவில் எதையும் ஜெயிக்கப் போவதில்லை. அங்கே இரண்டு பேர் மோதுவார்கள், பிரேக்கை ஒரு கார் நீளம் முன்னதாகப் பிடித்தால் அந்த இடைவெளி வழியே உள்ளே போய்விடலாம். ஓர் ஓட்டம் கெட்டுப்போனால் செட்டப்பைத் தலைகீழாக மாற்றாதீர்கள். முறுக்குச் சோதனை, டயர், சென்சார் கேபிள், பெல்ட்டில் கல் ஏதும் சிக்கியிருக்கிறதா, பாடியின் வீல் ஆர்ச் டயரில் உரசுகிறதா, இவற்றைப் பார்த்துவிட்டு அதே காரை அடுத்த ஓட்டத்துக்கு எடுத்துப் போங்கள். மூன்றாவது ஓட்டம் முடிந்ததும் காரைப் பரிசோதனை மேஜைக்குக் கொண்டுபோங்கள், எடை, இடைவெளி, மோட்டார் பார்த்து விடுவிக்கும்வரை எதையும் கழற்றக் கூடாது. வீட்டுக்குக் கிளம்புமுன் பேட்டரிகளைச் செல்லுக்கு 3.80 வோல்ட்டில் கொண்டுவந்து வைத்தால் அடுத்த போட்டியிலும் அதே பேட்டரி அதே பலத்தோடு வரும்.