மரவட்டைக்கு எத்தனை கால்? மூன்றாவது முயற்சி

கொல்லையில் கண்ணில் படுகிற பூச்சிகளை எல்லாம் போனில் படமெடுத்து, கால்களை எண்ணி நோட்டில் குறித்து வருகிறேன். எறும்புக்கு 6, சிலந்திக்கு 8, நண்டுக்குக் கொடுக்கோடு சேர்த்து 10. பள்ளியில் படித்ததுதான், ஒரே நாளில் முடிந்தது.

முதலில் குழப்பியது எருக்கஞ்செடியில் வந்து உட்கார்ந்த வெந்தய வரியன். பட்டாம்பூச்சிக்கு 6 கால் இருக்க வேண்டும், எந்தப் பக்கம் எடுத்தாலும் 4தான் தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கியதும் பிடிபட்டது: முன்னங்கால் இரண்டும் குட்டையாகி, நெஞ்சோடு ஒட்டி மடங்கிக் கிடந்தன. நடக்க உதவாது, ஆனாலும் கால்தானே. 4-ஐ அடித்துவிட்டு 6 என்று எழுதினேன்.

அப்புறம் மழை பிடித்தது. மரவட்டைகள் சுவரேறின. செங்கல் நிறத்தில் சுண்டுவிரல் நீளம் ஒன்றைக் கையில் எடுத்தேன். சட்டென்று சுருண்டுகொண்டது. விரலில் பழுப்புக் கறையும் ஒரு காரமான நாற்றமும்தான் மிச்சம். சோப்பு போட்டும் கறை இரண்டு நாள் போகவில்லை.

அடுத்த நாள் கண்ணாடித் தட்டில் விட்டு, அடியிலிருந்து வீடியோ எடுத்தேன். கால்கள் அலை அலையாக ஓடுகின்றன. நெல் வயலில் காற்று போகிற மாதிரி. பார்க்க அழகு, எண்ண முடியாது. அறுபதைத் தாண்டினாலே கணக்கு விட்டுப்போனது.

மூன்றாவது முறை நல்ல வெளிச்சத்தில் எடுத்து, ஒரு பிரேமை நிறுத்தி, பத்துக் காலுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். 192 வந்தது. மறுபடி எண்ணினாலும் 192.

சரிபார்க்க வளையங்களை எண்ணினேன்: 53. தலையை ஒட்டிய முதல் வளையத்தில் கால் இல்லை, அடுத்த நான்கில் ஒவ்வொரு ஜோடி, வால்நுனி வளையமும் காலி. மீதி 47 வளையங்களுக்கு இரண்டிரண்டு ஜோடி என்றால் மொத்தம் 196 வர வேண்டும். நாலு கால் எங்கே போனது?

ஏழாவது வளையத்தில் இடைவெளி. அப்படியென்றால் இது ஆண். இந்த வகையில் வளர்ந்த ஆணுக்கு அங்கே உள்ள இரண்டு ஜோடியும் இணைசேரும் உறுப்பாக மாறிவிடும். இதைப் படித்திருந்தும் படத்தில் தேடத் தோன்றவில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் தரைக்கடியில் 60 மீட்டர் ஆழத்தில் கிடைத்து 2021-இல் அறிவிக்கப்பட்ட மரவட்டைக்கு 1,306 கால். நீளம் பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. அதை எண்ணியவரின் பொறுமையை நினைத்தால் என் 192 வெறும் விளையாட்டு.

அடுத்தது பூரான். வளையத்துக்கு ஒரு ஜோடிதான், எண்ணுவது சுலபம். ஜோடிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் வரும், 15, 21, 23 என்று. அதனால் சதபாதி என்ற பெயருக்குச் சரியாக நூறு காலோடு ஒன்று அமைவதில்லை. டப்பாவைக் கழுவி வைத்துவிட்டேன், ஆனால் பூரானை வீட்டுக்குள் கொண்டுவர அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.