டிரா, டிரா, இன்னொரு டிரா

நவம்பர் 9, 2018

லண்டனில் உலக செஸ் சாம்பியன்ஷிப் தொடங்கிவிட்டது. நடப்புச் சாம்பியன் கார்ல்சனும் அவருக்குச் சவால்விடும் கருவானாவும். நமக்கு இரவு எட்டரைக்கு ஆரம்பம். கறுப்புக் காய்களை வைத்துக்கொண்டே கார்ல்சன் நெருக்கினார். கருவானாவுக்கு நேரம் போதவில்லை. ஆனாலும் சிக்கவில்லை. அப்புறம் ஆளுக்கொரு யானையும் சில சிப்பாய்களும்தான் மிச்சம். கார்ல்சன் யானையை நகர்த்துவார், கன்னத்தில் கைவைத்து யோசிப்பார், திரும்ப நகர்த்துவார். பலகையில் ஒன்றும் மாறியிருக்காது. இப்படியே 115 நகர்த்தல், ஏழு மணி நேரம். டிரா. படுக்கும்போது விடியற்காலை மூன்றரை தாண்டிவிட்டது.

நவம்பர் 13

நான்காவதும் டிரா. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 16

ஆறாவது ஆட்டம், 80 நகர்த்தல். 68-ஆவதில் கருவானா பிஷப்பை எச்4 கட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தால் வெற்றியாம். சூப்பர் கம்ப்யூட்டர் சொல்கிறது. மனித மூளைக்கு எட்டாத கணக்கு என்று கிராண்ட்மாஸ்டர்களே கைவிரிக்கிறார்கள். திரையோரத்தில் யார் முன்னிலை என்று காட்டிக்கொண்டே இருக்கும் அந்தப் பட்டையை இன்றோடு மூடிவிட்டேன். அதைப் பார்த்தால் உலகின் முதல் இரண்டு ஆட்டக்காரர்களும் கத்துக்குட்டிகளாகத் தெரிகிறார்கள். பாதி அலுப்பு அதனால்தான்.

நவம்பர் 21

ஒன்பதாவதும் டிரா. 1995-இல் நியூயார்க்கில் காஸ்பரோவும் நம் ஆனந்தும் மோதியபோது முதல் எட்டு ஆட்டங்கள் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்து முட்டுக்கட்டையை உடைத்தார். இங்கே அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொள்ள ஆளில்லை. ஆனால் பட்டை இல்லாமல் பார்ப்பது நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்து என்ன என்று நானே மண்டையைக் குடைகிறேன்.

நவம்பர் 26

கடைசி ஆட்டம். கார்ல்சனுக்கு நல்ல நிலை, கையில் நேரமும் கூடுதல். 31-ஆவது நகர்த்தலிலேயே டிராவுக்குக் கை நீட்டிவிட்டார்! பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் டிரா. இனி ரேபிட் என்கிற வேக ஆட்டங்களில்தான் முடிவு. இதைப் பார்த்த முன்னாள் சாம்பியன் காஸ்பரோவ், ரேபிடில் கார்ல்சன்தான் ஜெயிப்பார் என்ற தன் கணிப்பையே மறுபரிசீலனை செய்வதாகச் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேக ஆட்டம் கார்ல்சனுக்குக் கைவந்த கலை, அதனால்தான் அவசரப்படவில்லை.

நவம்பர் 28

ஆளுக்கு 25 நிமிடம், நகர்த்தலுக்குப் பத்து விநாடி கூடுதல். மூன்று ஆட்டம், மூன்றும் கார்ல்சனுக்கே. நான்காவதற்கு வேலையே இல்லை.

இத்தனை நாளும் எட்டிக்கூடப் பார்க்காத தம்பி இன்றைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மூன்று வெற்றியையும் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே போகுது, எதுக்குண்ணே இவ்வளவு நாள் புலம்பினீங்க?” என்கிறான்.