தத்துப்பிள்ளையிடம் சொல்வது எப்போது? இந்திராவைப் பார்த்து ஒரு பாடம்

'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில் இந்திரா வளர்க்கும் மகள் அமுதாவுக்கு, தான் தத்துப்பிள்ளை என்பது 9ஆவது பிறந்தநாளில்தான் தெரியவருகிறது. மறைக்காமல் சொன்னது சரி. வயதும் நாளும்தான் தப்பு. பிறந்தநாளில் கேட்ட சேதி வருஷாவருஷம் அதே தேதியில் கிளறும். "இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்ற கேள்வியும் கூடவே வரும்.

3, 4 வயதிலேயே ஆரம்பியுங்கள். தூங்கவைக்கும்போது கதைபோல இரண்டே நிமிஷம்: "நீ வேற ஒரு அம்மா வயித்துல வளர்ந்தே. அப்புறம் நாங்க உன்னைக் கூட்டிட்டு வந்தோம்." வீட்டுக்கு வந்த அன்று எடுத்த போட்டோ ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். தள்ளிப்போட்டால் கல்யாண வீட்டில் யாராவது ஒரு பெரியம்மா முந்திக்கொள்வார்.

ஒருமுறை சொன்னதோடு முடியாது. 7, 8 வயதில்தான் "அவங்க ஏன் என்னை விட்டுட்டாங்க?" என்பது உறைக்கும். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததற்குக் கதை கட்டாதீர்கள். பெற்றவளைப் பற்றி ஒரு சுடுசொல்கூட வேண்டாம். குழந்தை அதைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும்.

சிம்ரன் நடித்த இந்திராவிடம் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்: மகள் முகம் திருப்பும்போது உடைந்துபோகிறாள், ஆனாலும் பெற்றவளைத் தேடி இலங்கைவரை கூடவே போகிறாள். "நீ என் அம்மா இல்ல" என்று பிள்ளை கத்தினால் "இவ்வளவு செஞ்சேனே" என்று கணக்குப் பார்க்காதீர்கள். "கோவமா இருக்கியா? நான் இங்கதான் இருக்கேன்" போதும். ராத்திரி வழக்கம்போல அதே தட்டில் சோறு போடுங்கள்.