தேன்சிட்டு: ஒருவழியாக வால் கிடைத்தது

கிடைத்துவிட்டது! ஆலிவ் முதுகுத் தேன்சிட்டுப் பெண்ணின் வால், அடிப்பக்கம், நன்றாக விரித்தபடி, ஓர இறகுகளின் வெள்ளை நுனி பளிச்சென்று தெரிகிற படம். வீட்டில் காட்டினால் "பாதிக் குருவிதானே இருக்கு, தலை எங்க?" என்கிறார்கள். தலை யாருக்கு வேண்டும்? இது எந்த இனத்துப் பெண் என்று வால்தான் சொல்லும்.

இங்கே குழப்புவது இரண்டு இனம்: ஆலிவ் முதுகுத் தேன்சிட்டு, பழுப்புத் தொண்டைத் தேன்சிட்டு. ஆண்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆலிவ் முதுகு ஆணுக்குத் தொண்டையும் மார்பும் மினுக்கும் கருநீலம். பழுப்புத் தொண்டை ஆணுக்குப் பெயரே போதும். வம்பெல்லாம் பெண்களிடம்தான். பினாங்கில் எங்கள் கெலுகோர் பக்கத்தில் இரண்டு இனமும் ஒரே இட்லிப்பூச் செடிக்கு வரும். இரண்டுக்கும் மேலே ஆலிவ் பச்சை, கீழே மஞ்சள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "இது பளீர் மஞ்சள், அது மங்கல் மஞ்சள்" என்று ஓயாத சண்டை. காலை வெயிலில் ஒரு மஞ்சள், மேகம் மூடினால் வேறொரு மஞ்சள், செம்பருத்தி இலைக்கு அடியில் பச்சை கலந்த மஞ்சள். இதை வைத்து யாராவது இனம் சொன்னால் நான் பதிலே போடுவதில்லை. கைப்பேசிச் செயலி இன்னும் மோசம். ஒரே பறவையின் அடுத்தடுத்த இரண்டு படத்துக்கு இரண்டு பெயர், அதுவும் துளி தயக்கமில்லாமல்.

பழுப்புத் தொண்டைக்கு அலகு தடித்திருக்கும், அவ்வளவாக வளையாது. கண்ணைச் சுற்றி விட்டுவிட்டு ஒரு வெளிர்மஞ்சள் வளையம். ஆலிவ் முதுகுக்கு அலகு மெலிந்து வளைந்திருக்கும். கண்ணுக்கு மேலே மெல்லிய மஞ்சள் கோடு. சரிதான், ஆனால் பறவை பக்கவாட்டில் நின்றால்தானே? பூவுக்குள் மூஞ்சியை நுழைத்துக்கொண்டு நமக்குப் பின்புறத்தைத்தான் காட்டும். வால் அப்படியில்லை. ஆலிவ் முதுகின் கறுத்த வாலில் வெளி இறகுகளின் நுனி வெள்ளை. பழுப்புத் தொண்டைக்கு அது கிடையவே கிடையாது. முடிந்தது வழக்கு.

முடிந்தது என்று சொல்வது சுலபம். வால் மடிந்திருக்கும்போது மேலிருந்து பார்த்தால் அந்த வெள்ளை தெரியாது. கீழேயிருந்துதான் பார்க்க வேண்டும். அதனால் செடிக்கு அடியில் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னா தம்பி, மோதிரம் எதும் விழுந்துருச்சா?" என்றார். வானத்தைப் பின்னணியாக வைத்தால் வால் கறுப்புத் துண்டாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப்புக்கு (இரண்டு மடங்குக்கு) மேலேயே கூட்ட வேண்டியிருந்தது. ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் கீழே போனால் வெறும் மூட்டம்தான். பினாங்கில் விடியவே ஏழு, ஏழேகால் ஆகிவிடும். ஒன்பதுக்குள் முடிக்காவிட்டால் வெளிச்சம் கடுமையாகிவிடும். இடையில் பசியாற எழுந்து போனால் அப்போதுதான் வந்து தொலைக்கும்.

பறவை எப்போது வாலை விரிக்கிறது என்பதுதான் இதில் சூட்சுமம். தேன் குடிக்கும்போது இல்லை. செம்பருத்தியின் அடிப்பக்கத்தை அலகால் குத்தி ஓட்டை போட்டுத் தேனைத் திருடும், அப்போது வால் கம்மென்று மூடியே கிடக்கும். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவி, காம்பைப் பிடிக்கும் முன் அந்தரத்தில் ஒரு நொடி நிற்கிறதே, அங்கேதான் வால் விசிறியாகிறது. ஆகவே குருவி இருக்கிற பூவை விட்டுவிட்டு, அது அடுத்துப் போகப்போகும் பூவில் ஃபோக்கஸ் வைத்துக் காத்திருந்தேன். படம் விழுந்தது.

இந்தப் படமெல்லாம் பழைய லென்ஸில் எடுத்தது. டவுனில் ஒரு கடையில் 'புதுசு மாதிரி' என்று தலையில் கட்டிய செகண்ட்ஹேண்ட் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்து கிடந்தது. நம் ஊர் ஈரத்துக்கு வாங்கும்போதே டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். டிரை கேபினட் (ஈரம் அண்டாத அலமாரி) வாங்கக் காசு இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். நர்சரியிலும் பூச்சிமருந்து அடிக்காத செடியா என்று கேட்டு வாங்குங்கள். தேன்சிட்டு குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியைத்தான்.

பழுப்புத் தொண்டையின் வால் இன்னும் மாட்டவில்லை. ஜோடியாக வைத்துக் காட்டினால்தான் குழுவில் வாயை மூடுவார்கள். அதற்குள் மனசு வேறெங்கோ போய்விட்டது. போன வாரம் தண்ணீர்மலை பொட்டானிக் பூங்காவில் செந்நிறத் தேன்சிட்டு ஒன்று, ஆண், தலையும் மார்பும் ரத்தச் சிவப்பு. 1822ல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ். 1805ல் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துக்கு அவர் வந்து இறங்கியதே நம் பினாங்கில்தான். அதன் பெண் மங்கிய ஆலிவ், வாலில் வெள்ளை இல்லை, எனவே தொந்தரவில்லை.

தொந்தரவு தீவின் மேற்கே பாலிக் புலாவ் பக்கம் காத்திருக்கிறது. அங்கே கடலோர அலையாத்திக் காட்டில் செம்புத் தொண்டைத் தேன்சிட்டைத் தேடலாம் என்றிருக்கிறேன். அதன் பெண்ணுக்கும் வால் நுனி வெள்ளை! அங்கே சாம்பல் தலையையும் வெளிறிய தொண்டையையும் சேர்த்துப் பிடித்தால்தான் கதை ஆகும். ஓதநேர அட்டவணையைப் பார்த்து வைத்துவிட்டேன். ரப்பர் பூட்ஸ் மட்டும் என் அளவில் கிடைக்கவில்லை, யாரிடமாவது பத்தாம் நம்பர் இருந்தால் சொல்லுங்கள்.