கல்யாணம் ஆனால் பிஎச்டி நின்றுவிடுமா?

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கமிருந்து பிஎச்டி சேர நினைக்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது "கல்யாணம் ஆகிவிட்டால் பதிவு ரத்தாகிவிடுமா அக்கா?" என்பதுதான். ஆகாது! யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறையை எடுத்துப் படியுங்கள்: பிஎச்டி முடிக்க குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6, மறுபதிவு செய்தால் இன்னும் 2 கிடைக்கும், பெண்களுக்கு அதற்கு மேலும் 2 வருஷம் தளர்வு உண்டு, ஆக மொத்தம் 10 வரை போகலாம். மகப்பேறுக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். இதையெல்லாம் யாரும் தானாக வந்து சொல்வதில்லை, அதுதான் எனக்கு ஆதங்கம்.

கோர்ஸ் வொர்க்கை, அதாவது ஆய்வுக்கு முன் படித்து முடிக்க வேண்டிய பாடங்களை (குறைந்தது 12 கிரெடிட்), ஆரம்பத்திலேயே முடித்துவிடுங்கள். அப்புறம் நெறியாளர், அதாவது ஆய்வுக்கு வழிகாட்டுபவர். உதவிப் பேராசிரியர் ஒரே சமயத்தில் பிஎச்டி மாணவர்கள் 4 பேர், இணைப் பேராசிரியர் 6, பேராசிரியர் 8 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, அதனால் இடம் காலியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பேசப் போங்கள்.

ஆய்வேடு கொடுக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022-இல் எடுத்துவிட்டது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம், அதைப் பாருங்கள். சரி, கட்டுரை தேவைப்பட்டாலும், பணம் கட்டினால் மறுவாரமே போடுகிறோம் என்கிற இதழ்களிடம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள்.