ஆயாவின் கண்ணாடி மேஜை

ஆயாவின் டிரெஸ்ஸிங் டேபிள் நேற்று காட்பாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சைதாப்பேட்டை வீட்டு மாடிப்படியில் இறக்குவதற்குள் நாலு பேருக்கு நாக்கு தள்ளிவிட்டது. மகோகனி. கண்ணாடிச் சட்டம் முழுக்கக் கொடியும் பூவும் செதுக்கியிருக்கும். "வட ஆற்காடு ஒரே ஜில்லாவா இருந்த காலத்துச் சாமான்டா" என்பார் ஆயா. யார் வாங்கியது என்பதில் மட்டும் வீட்டில் ஆளுக்கொரு கதை.

மகோகனி நம் ஊர் மரமே இல்லை. வெஸ்ட் இண்டீஸிலிருந்து 1795இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். அப்புறம்தான் மற்ற இடங்களுக்குப் பரவியது.

பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் பார்த்துவிட்டு, "கண்ணாடி போச்சு, மாத்திட்டு டூகோ பெயிண்ட் அடிச்சா புதுசாயிடும்" என்றார். வயிறு எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வெள்ளிப் பூச்சில் ஈரம் ஏறினால் இப்படிக் கரும்புள்ளி விழும். விழட்டுமே. ஆசாரியிடம் பழைய அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் மெல்ல மெல்ல ஏற்றச் சொல்லியிருக்கிறேன். அவர் இழுப்பறையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஒரு ஆணி கூட இல்ல சார், பல்லோட பல்லு கோத்திருக்கான்" என்று அதையே தடவிக்கொண்டிருந்தார்.

கீழ் இழுப்பறை மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு திறக்காது. ஆயா மெழுகுவர்த்தியைத் தேய்ப்பார். நேற்று நானும் தேய்த்தேன், திறந்தது. உள்ளே ரெண்டு கொண்டை ஊசி, காய்ந்துபோன சாந்துக் குப்பி ஒன்று.